கம்மந்தான் கான்சாகிபு

மதுரை நகரின் மேற்கே சம்மட்டிபுரத்தில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. கான்சாகிபு பள்ளிவாசல் என்று அதற்குப் பெயர். அங்கே அடக்கமாகி இருப்பவருக்குத் தலை கிடையாது, கை கிடையாது, கால் கிடையாது. வெறும் உடல் மட்டுமே மண்ணுக்குள் இருக்கிறது என்று ஊரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். தலை திருச்சிக்குப் போயிற்றாம். கைகள் பாளையங்கோட்டைக்கு. ஒரு கால் தஞ்சாவூருக்கு. மற்றொரு கால் மலையைத் தாண்டித் திருவிதாங்கூருக்கு!

இறந்த பிறகும் இத்தனை ஊர்களுக்குச் செய்தி சொல்லி அனுப்ப வேண்டிய அளவுக்கு அந்த மனிதர் என்ன செய்தார்?

அவர் ஆங்கிலேயக் கும்பினியின் சிப்பாய்ப் படையில் ஓர் இந்தியன் எட்டக்கூடிய மிக உயர்ந்த பதவியை எட்டினார். அதற்கு மேல் படி கிடையாது என்று சொல்லப்பட்டபோது, தாமே ஒரு படி கட்டிக்கொள்ளப் பார்த்தார். அவ்வளவுதான்.

அவர்தான் யூசுப்கான். மருதநாயகம் என்ற பெயரும் இவருடையதே.

பனையூர்ப் பையன்

இராமநாதபுரம் சீமையில் உள்ள பனையூரில் 1725-ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தவர் என்பார்கள். பிறந்தது வேளாளர் குடும்பம், பெற்றோர் இட்ட பெயர் மருதநாயகம் என்பது வழக்கில் உள்ள செய்தி. இளம் வயதிலேயே வீட்டை விட்டு வெளியேறினார். இஸ்லாம் மார்க்கத்தைத் தழுவி முகமது யூசுப்கான் ஆனார்.

பிழைப்புத் தேடிப் புறப்பட்ட பையன்களுக்கு அந்தக் காலத்தில் இருந்த வழி, துரைமார் வீட்டு வேலை அல்லது பட்டாளம். இவர் இரண்டையும் பார்த்தவர். போன இடத்திலெல்லாம் அந்த இடத்து மொழியைக் கற்றுக்கொண்டது அவருடைய கெட்டிக்காரத்தனம். தமிழ் தாய்மொழி. அதோடு உருது, பிரெஞ்சு, போர்ச்சுகீசியம், ஆங்கிலம் எல்லாம் பேச வந்தது. நெல்லூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்து, அங்கே தண்டல்காரர், ஹவில்தார், சுபேதார் என்று ஒவ்வொரு படியாக ஏறினார். மாசா என்ற கிறிஸ்தவப் பெண்ணை மணந்தார். போர்ச்சுகீசிய வம்சாவளியைச் சேர்ந்தவர் அந்த அம்மாள்.

கர்நாடகத்தின் நவாப் பதவிக்கு இருவர் அடித்துக்கொண்ட நேரம் அது. ஒரு பக்கம் சந்தா சாகிபு, அவருக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர்கள். மறுபக்கம் முகமது அலி, அவருக்குப் பின்னால் ஆங்கிலேயர். ஆர்க்காட்டைப் பிடித்துப் பெயர் வாங்கிய இராபர்ட் கிளைவின் படையில், 1752-ஆம் ஆண்டு வாக்கில், நெல்லூர் சிப்பாய்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார் யூசுப்கான்.

சுபேதார் என்றால் என்ன?

இங்கே கொஞ்சம் நின்று பதவிகளைப் பற்றித் தெரிந்துகொண்டால்தான் மேற்கொண்டு நடந்தது விளங்கும்.

மொகலாயர் காலத்தில் சுபேதார் என்றால் ஒரு சுபாவுக்கே அதிபதி. சுபா என்பது மாகாணம். ஐதராபாத் நிஜாமே தக்காணத்து சுபேதார்தான். அதே பெயரைக் கும்பினியார் எடுத்து, நூறு சிப்பாய்களுக்குத் தலைவனாக இருக்கிறவனுக்குச் சூட்டினார்கள். பெயர் மாகாணாதிபதியின் பெயர். கையில் இருப்பது நூறு துப்பாக்கி!

அடியில் சிப்பாய். அவனுக்கு மேலே நாயக். அடுத்து ஹவில்தார். இவர்கள் மூவரும் ஒரு வகை. அதற்கு மேலே ஜமேதார், அதற்கும் மேலே சுபேதார். இந்த இருவரும் வேறு வகை. இவர்கள் சாதாரண சிப்பாய்கள் இல்லை. இடையில் வாள் தொங்கும். சிப்பாய்கள் இவர்களுக்கு வணக்கம் வைக்க வேண்டும். ஆனால் இவர்கள் முழு அதிகாரிகளும் இல்லை. நேற்றுக் கப்பலில் வந்து இறங்கிய மீசை முளைக்காத வெள்ளைக்கார இளைஞன், பதவி வரிசையில், முப்பது வருடம் போர்க்களம் கண்ட சுபேதாருக்கு மேலே நிற்பான். சுபேதார் சாகிபு என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவான். உத்தரவு போடுகிறவன் அவன்தான்.

சிப்பாய்களின் மொழியும் சாதி வழக்கமும் கோபதாபமும் துரைக்குத் தெரியாது. துரையின் ஆங்கிலம் சிப்பாய்க்குப் புரியாது. இரண்டுக்கும் நடுவே நின்று இரண்டு பக்கத்துப் பழியையும் வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அதற்காக உண்டான பதவிகள்தாம் இவை. ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

யூசுப்கான் இந்த நடு இடத்தில்தான் நின்றார். அந்த இடத்திலிருந்து அவர் போன உயரம் வேறு எந்த இந்தியச் சிப்பாய்க்கும் அன்று வாய்க்கவில்லை.

திருச்சியில் கிடைத்த பதக்கம்

யூசுப்கானைச் செதுக்கியவர் மேஜர் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ். இந்தியாவில் ஆங்கிலேயர் வைத்திருந்த படைக்குத் தந்தை என்று பெயர் பெற்றவர். ஐரோப்பிய முறையில் வரிசை கட்டி நின்று சுடுவதை இவரிடம் யூசுப்கான் கற்றார்.

1753, 1754 ஆண்டுகளில் திருச்சிக் கோட்டையை வைத்துப் பெரும் போராட்டம் நடந்தது. உள்ளே ஆங்கிலேயர். வெளியே பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையும். கோட்டைக்குள் அரிசி வந்தால்தான் உயிர். தொண்டைமான் சீமையிலிருந்தும் தஞ்சாவூர்ப் பக்கமிருந்தும் மாடுகளில் பொதி ஏற்றி, எதிரியின் கண்ணில் மண்ணைத் தூவிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இந்த வேலையை யூசுப்கான் ஏற்றுக்கொண்டார். எந்தப் பாதையில் எந்த இரவில் போனால் தப்பலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. துரைமாருக்குத் தெரியாத பாஷை, துரைமாருக்குத் தெரியாத மனிதர்கள், துரைமாருக்குத் தெரியாத வழிகள் எல்லாம் அவர் கையில் இருந்தன.

நல்ல பெயர் வந்தால் கூடவே பொறாமையும் வருமே! லாரன்சிடம் துபாஷாக இருந்தவன் பொன்னையப்பன். யூசுப்கான் எதிரியோடு சேர்ந்து சதி செய்கிறார் என்று காட்ட ஒரு பொய்க் கடிதம் தயாரானது. யூசுப்கான் காவலில் வைக்கப்பட்டார். விசாரணையில் குட்டு வெளிப்பட்டது. துரோகம் செய்தவன் துபாஷே என்று தெரிந்தது. அவனைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள்.

1754-இல் லாரன்சின் சிபாரிசின் பேரில், கும்பினியின் சிப்பாய்கள் அனைவருக்கும் கமாண்டன்ட் என்ற பதவி யூசுப்கானுக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு தங்கப் பதக்கம் ஒன்றும் வழங்கப்பட்டது. கமாண்டன்ட் என்ற சொல் ஜனங்களின் வாயில் கம்மந்தான் ஆயிற்று. கம்மந்தான் கான்சாகிபு என்றால் தென்னாட்டில் தெரியாதவர் இல்லை என்ற நிலை வந்தது.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிப்பாய்கள் எல்லோருக்கும் அவர் தலைவர். வெள்ளைக்காரச் சோல்ஜர் ஒருவனுக்கும் அவர் தலைவர் அல்லர். சேர்ந்து போருக்குப் போனால் கூட வருகிற கேப்டன் சொன்னபடிதான் கேட்க வேண்டும்.

ஒரு கர்னலின் கதை

1755-இல் கர்னல் ஹெரான் என்பவர் தலைமையில் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளுக்கு ஒரு படை புறப்பட்டது. பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிப்பது நோக்கம். யூசுப்கானும் போனார். ஹெரான் போன இடமெல்லாம் பணம் கறப்பதிலேயே குறியாக இருந்தார். கோயில்குடியில் கோயிலுக்குள் புகுந்து விக்கிரகங்களை அள்ளிக்கொண்டு வந்தது அவருடைய படை. திரும்பி வரும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்துத் தாக்கி, சாமிகளை மீட்டுக்கொண்டு போனார்கள். படைக்குப் பலத்த சேதம்.

சென்னை திரும்பியதும் ஹெரான் மீது இராணுவ விசாரணை நடந்தது. குற்றம் நிரூபணமாகி, வேலையிலிருந்து நீக்கினார்கள். விசாரணை, சாட்சி, தீர்ப்பு எல்லாம் முறைப்படி நடந்தன. தண்டனை வேலை நீக்கம்தான். இதை நினைவில் வைத்துக்கொண்டு, ஒன்பது ஆண்டு கழித்து யூசுப்கானுக்கு நடந்ததைப் பார்க்க வேண்டும்.

தெற்குச் சீமையில்

1756-இல் மீண்டும் தெற்கே அனுப்பப்பட்டார். இம்முறை சிப்பாய்களோடு தனியாக. மதுரைக் கோட்டை அப்போது கும்பினிக்கு எதிரானவர்கள் கையில் இருந்தது. கேப்டன் கலியாடும் யூசுப்கானும் முற்றுகையிட்டார்கள். சண்டையில் பிடிக்க முடியவில்லை. கடைசியில் 1757 செப்டம்பரில் 1,70,000 ரூபாய் கொடுத்துக் கோட்டையை வாங்கினார்கள்.

இந்த ஆண்டுகளில் யூசுப்கான் செய்ததெல்லாம் தமிழர் கொண்டாடக் கூடியதல்ல. கட்டாலங்குளம் வீரன் அழகுமுத்துக்கோன் கான்சாகிபின் படையிடம் பிடிபட்டு, பீரங்கி முனையில் உயிர் விட்டதாகத் திருநெல்வேலிச் சீமையில் இன்றும் சொல்கிறார்கள். மேலூர்ப் பக்கத்துக் கள்ளர் நாடுகளில் தயவு தாட்சண்யம் பார்க்காமல் தூக்கு மரம் நாட்டியவரும் இவரே. கும்பினிக்கு வரி கொடுக்க முடியாது என்று நின்ற நெற்கட்டும்செவல் பூலித்தேவனுக்கு இவர்தான் முதல் எதிரி. வாங்கிய சம்பளத்துக்கு மனச்சாட்சியைக் கேட்காமல் உழைத்தார் என்று சொன்னால் தவறாகாது.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். உடனே புறப்பட்டு வா என்று யூசுப்கானுக்கு ஆள் போயிற்று. சிப்பாய்களையும் பாளையக்காரர் வீரர்களையும் திரட்டிக்கொண்டு வடக்கே விரைந்தார். செங்கற்பட்டுக்கும் பரங்கிமலைக்கும் இடையே திரிந்து, லாலியின் படைக்கு உணவும் மருந்துப் பொடியும் வரும் வழிகளை அறுத்தார். நேருக்கு நேர் நின்று மோதுவது, மோதிவிட்டு மறைவது, மறுபடி வேறு பக்கம் முளைப்பது! 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையை விட்டுப் போனார். சென்னை ஆங்கிலேயர் கையில் நின்றதற்கு இந்தச் சுபேதாரும் ஒரு காரணம்.

களக்காடும் திருவிதாங்கூரும்

அதே ஆண்டு மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை யூசுப்கானுக்கே குத்தகைக்கு விட்டது கும்பினி. ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். வரி வசூல், காவல், நியாயம் எல்லாம் அவர் பொறுப்பு. பெயருக்குக் குத்தகைதாரர், நடப்பில் கவர்னர்.

தெற்கே வந்ததும் அவர் பார்வை மேற்கு மலைப் பக்கம் திரும்பியது. திருவிதாங்கூரில் அப்போது ஆட்சி செய்தவர் தர்மராஜா என்று புகழ் பெற்ற கார்த்திகைத் திருநாள் ராமவர்மா மகாராஜா. 1758-இல் பட்டத்துக்கு வந்தவர். அரசின் தலைநகர் அன்று பத்மநாபபுரம். திருவனந்தபுரத்துக்குத் தலைநகர் மாறியது பின்னால்தான். மலைக்குக் கிழக்கே களக்காட்டுப் பகுதி யாருக்கு என்பதில் நவாபுக்கும் திருவிதாங்கூருக்கும் நெடுநாள் வழக்கு. சண்டை வந்தால் களக்காட்டு வயல்கள்தான் முதலில் எரியும்.

பூலித்தேவனை அடக்க யூசுப்கானுக்குத் துணை வேண்டியிருந்தது. திருவிதாங்கூருக்குக் களக்காடு வேண்டியிருந்தது. பேச்சு முடிந்தது. மலையாளத்துப் படை செங்கோட்டைப் பக்கம் இறங்கி யூசுப்கானோடு சேர்ந்துகொண்டது. 1759 இறுதியில் வாசுதேவநல்லூர்க் கோட்டையை இரு படைகளும் சேர்ந்து தாக்கின. பூலித்தேவனின் ஆட்கள் விரட்டி அடித்துவிட்டார்கள்! யூசுப்கான் சளைக்கவில்லை. பீரங்கிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப வந்தார். 1761 மே மாதத்தில் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் விழுந்தன.

அன்றைய திருவிதாங்கூர்ப் படையின் தலைவர் யார் தெரியுமா? டிலனாய் என்ற ஐரோப்பியர். 1741-இல் குளச்சல் போரில் டச்சுக்காரர் பக்கம் நின்று பிடிபட்ட கைதி. மார்த்தாண்ட வர்மா மகாராஜா அவரைத் தம் படையில் சேர்த்துக்கொண்டார். கைதியாக வந்தவர் வலிய கப்பித்தான் ஆனார். உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்த்தார். ஆராம்பொழியில் காவல் அரண்களைப் பலப்படுத்தினார். 1777-இல் இறந்தபோது அதே உதயகிரியில் மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டார். தக்கலை வழியாக நாகர்கோவிலுக்குப் பஸ்சில் போகிறவர்கள் புலியூர்க்குறிச்சியில் அந்தக் கோட்டையைப் பார்க்கலாம்.

மலைக்கு இந்தப் பக்கம், அந்நிய தேசத்துக் கைதி ஒரு ராஜ்ஜியத்தின் படைக்கே தலைவராக முடிந்தது. மலைக்கு அந்தப் பக்கம், மண்ணின் மைந்தன் ஒருவன் எத்தனை கோட்டைகளைப் பிடித்துக் கொடுத்தாலும் ஒரு வெள்ளைக்கார லெப்டினென்டுக்குச் சமமாக முடியவில்லை. யூசுப்கானுக்கு டிலனாயைப் பற்றித் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

நவாப் போட்ட முடிச்சு

சீமையை யூசுப்கான் நன்றாக நிர்வகித்தார் என்பதை அவருடைய விரோதிகளும் ஒப்புக்கொண்டார்கள். கண்மாய்கள் பழுது பார்க்கப்பட்டன. நெசவு வளர்ந்தது. மீனாட்சியம்மன் கோயில் பூசைக்கு ஆண்டுதோறும் பணம் கிடைக்க வழி செய்யப்பட்டது. வழிப்பறி பயம் குறைந்து வியாபாரிகள் நடமாடினார்கள். குத்தகைப் பணமும் போய்ச் சேர்ந்தது.

இதைப் பார்த்து வயிறு எரிந்தவர் ஆர்க்காடு நவாப் முகமது அலி. சட்டப்படி இந்தச் சீமைகள் தம்முடையவை, யூசுப்கான் தம்முடைய வேலைக்காரன் என்பது அவர் வாதம். கும்பினிக்கு நவாப் பெரும் கடன்காரர். கடன் வசூலாக வேண்டுமானால் கடன்காரனின் மனம் கோணக்கூடாது! ஆகவே கும்பினி மெல்ல மெல்ல நவாபின் பக்கம் சாய்ந்தது.

ஆண்டுக்கு ஏழு லட்சம் தருகிறேன், குத்தகையை எனக்கே நீட்டிக் கொடுங்கள் என்று யூசுப்கான் கேட்டார். ஐந்து லட்சத்தை ஏழாக்கித் தருகிறவனை எந்த வியாபாரியும் விடமாட்டான். கும்பினி விட்டது. யூசுப்கான் இனி நவாபுக்குக் கட்டுப்பட்டவர் என்று முடிவாயிற்று. பதக்கம் கொடுத்த கும்பினி, தன் கம்மந்தானைக் கை கழுவி நவாபிடம் தள்ளியது. நவாபின் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்று யூசுப்கானுக்குத் தெரியும்.

1762 இறுதியில் திருவிதாங்கூரோடும் அவருக்கு மோதல் மூண்டது. யூசுப்கானின் கை ஓங்கியிருந்தது. ஆனால் கும்பினியைக் கேட்காமல் நடத்திய போர் அது. ஒரு ராஜாவோடு தானாகப் போர் தொடுக்கக் குத்தகைதாரனுக்கு ஏது அதிகாரம் என்று சென்னையில் கேட்டார்கள். குற்றப் பட்டியலில் இதுவும் சேர்ந்தது. இங்கே அவர் செய்தது தவறான கணக்கு என்றுதான் சொல்ல வேண்டும். முன்னே நவாபும் கும்பினியும் நெருங்கி வரும்போது, முதுகுப் பக்கம் இருந்த ஒரே பெரிய ராஜ்ஜியத்தையும் பகைத்துக்கொண்டார்.

இரண்டு முற்றுகை

சென்னைக்கு வந்து கணக்குக் கொடு என்று உத்தரவு வந்தது. யூசுப்கான் போகவில்லை. 1763 தொடக்கத்தில் மதுரையில் தம் கொடியை உயர்த்தினார். புதுச்சேரி 1761-இல் விழுந்த பிறகு பிழைப்பின்றி அலைந்த பிரெஞ்சு வீரர்களைச் சேர்த்துக்கொண்டார். மார்ச்சான் என்பவர் அவர்களுக்குத் தலைவர். பிரெஞ்சுக் கொடியும் மதுரைக் கோட்டையில் பறந்தது. ஆனால் அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே பாரிஸ் நகரில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானம் செய்து கொண்டுவிட்டன. கொடி பறந்ததே தவிர கப்பல் வரவில்லை.

1763 செப்டம்பரில் கர்னல் மான்சன் தலைமையில் படை வந்து மதுரையை வளைத்தது. யூசுப்கான் கோட்டைச் சுவர்களைப் பலப்படுத்தி வைத்திருந்தார். ஆங்கிலேயர் எப்படித் தாக்குவார்கள், எந்த நேரத்தில் களைப்பார்கள் என்பதெல்லாம் அவர்களிடமே படித்த பாடம். இரண்டு மாதம் முட்டி மோதிவிட்டு, மழைக்காலம் வந்ததும் நவம்பரில் முற்றுகையைக் கைவிட்டார்கள்.

மறு ஆண்டு மேஜர் சார்லஸ் கேம்பெல் வந்தார். 1764 ஜூன் 26-ஆம் நாள் சுவரில் பிளவு உண்டாக்கி ஏறித் தாக்கினார்கள். உள்ளே இருந்தவர்கள் அடித்துத் தள்ளினார்கள். மேஜர் பிரெஸ்டன் படுகாயமடைந்து மாண்டார். சண்டை போட்டு மதுரையைப் பிடிக்க முடியாது என்று கேம்பெல் முடிவு கட்டினார். உள்ளே ஒரு மூட்டை அரிசி போகாதபடி எல்லா வழியையும் அடைத்தார். திருச்சிக்கு அரிசி கடத்திப் பேர் வாங்கியவரின் கோட்டைக்கு இப்போது அரிசி இல்லை.

பசி வந்தால் விசுவாசம் போகும். மாதங்கள் செல்லச் செல்ல உள்ளே முணுமுணுப்பு கூடியது. மார்ச்சானுக்கும் யூசுப்கானுக்கும் மனம் முறிந்தது. தம் தலையாவது தப்பட்டும் என்று மார்ச்சானும், திவான் சீனிவாசராவும், வைத்தியர் பாபா சாகிபும் இரகசியமாகக் கூடிப் பேசினார்கள்.

1764 அக்டோபர் 13. யூசுப்கான் தொழுகையில் இருந்தார். கையில் ஆயுதம் இல்லை. அந்த நேரம் பார்த்துப் பாய்ந்து பிடித்தார்கள். அவருடைய தலைப்பாகையாலேயே அவரைக் கட்டினார்கள். கேம்பெலிடம் ஒப்படைத்தார்கள். அவரிடமிருந்து நவாபின் கைக்குப் போனார்.

அக்டோபர் 15-ஆம் நாள் மாலை மதுரைக்கு மேற்கே, முகாமுக்கு அருகில் தூக்கிலிட்டார்கள். விசாரணை இல்லை. சாட்சி இல்லை. கர்னல் ஹெரானுக்குக் கிடைத்த இராணுவ மன்றம் கம்மந்தானுக்குக் கிடைக்கவில்லை. தங்கப் பதக்கம் கொடுத்த கும்பினி வாய் திறக்கவில்லை. வயது நாற்பது இருக்கும். மனைவியும் சிறு பிள்ளையும் எதிரிகள் கையில் சிக்கினார்கள்.

தூக்குக் கயிறு முதலில் அறுந்து விழுந்ததாகவும், தொடையில் வைத்துத் தைத்திருந்த தாயத்தை எடுத்த பிறகே உயிர் பிரிந்ததாகவும் கதை உண்டு. செத்தவன் எழுந்து வந்துவிடுவான் என்று நவாபுக்குக் கனவில் பயம் வந்ததாம். அதனால்தான் உடலைத் துண்டாக்கித் திசைக்கு ஒன்றாக அனுப்பினார்கள் என்பார்கள். திருவிதாங்கூருக்கு ஒரு கால் வந்ததாகச் சொல்லப்படுவதும் இந்தக் கதையோடு சேர்ந்ததுதான். கால் வந்ததோ இல்லையோ, நவாபின் கண் வந்தது. யூசுப்கான் போன பிறகு நடுவில் தடுப்பு இல்லை. 1766-இல் ஏற்பட்ட உடன்படிக்கையில் களக்காட்டின் மீதிருந்த உரிமையைத் திருவிதாங்கூர் விட்டுக்கொடுக்க நேர்ந்தது.

அந்த நடுப் படி

யூசுப்கானுக்குப் பிறகு, சிப்பாய்கள் அனைவருக்கும் ஓர் இந்தியரைத் தலைவராக்கும் துணிவு கும்பினிக்கு வரவில்லை. ஒவ்வொரு பட்டாளத்துக்கும் வெள்ளைக்கார அதிகாரிகள் வந்தார்கள். இந்தியக் கமாண்டன்ட் என்ற பதவியும் காலப்போக்கில் எடுபட்டுப் போயிற்று. 1796-இல் படையைத் திருத்தி அமைத்தபோது வெள்ளை அதிகாரிகளின் எண்ணிக்கை மேலும் கூடியது. சுபேதாரின் கை மேலும் சுருங்கியது.

ஜமேதார், சுபேதார், பிற்காலத்தில் வந்த சுபேதார் மேஜர் ஆகியோருக்கு வைஸ்ராயின் பேரால் நியமனப் பத்திரம் கிடைத்தது. வெள்ளை அதிகாரிகளுக்கு மன்னரின் பேரால். அந்த ஒரு காகித வித்தியாசம் நெடுங்காலம் நீடித்தது. மன்னரின் நியமனப் பத்திரம் இந்தியச் சிப்பாய் அதிகாரிகளுக்கு முதன்முதலாகக் கிடைத்தது 1917-இல். அதுவும் ஒன்பது பேருக்கு! முதல் உலகப் போரில் இந்திய ரத்தம் ஆறாக ஓடிய பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. டேராடூன் இராணுவக் கல்லூரி தொடங்கியது 1932-இல். யூசுப்கானின் தூக்கு மரத்துக்கும் அந்த முதல் ஒன்பது பேருக்கும் இடையே 153 ஆண்டுகள்.

சுதந்திரத்துக்குப் பிறகும் நம் இராணுவத்தில் இந்த நடுப் பதவிகள் இருக்கின்றன. பெயர் ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர். ஜமேதார் என்ற பெயரை மட்டும் 1965-இல் நாயப் சுபேதார் என்று மாற்றினார்கள். சிப்பாயாகச் சேர்ந்தவர் உழைத்து இந்தப் படிக்கு வருவார். ஓய்வு பெறும் சமயம் சிலருக்குக் கௌரவ லெப்டினென்ட், கௌரவ கேப்டன் பட்டம் கிடைக்கும். சிப்பாயாகச் சேர்ந்தவர் பரீட்சையும் தேர்வும் கடந்து முழு அதிகாரியாவதற்கும் இன்று வழி உண்டு. பாங்கோடு முகாம் பக்கம் காலையில் நடந்து போனால், நரைத்த மீசையோடு ஒரு சுபேதார் மேஜரும், அவர் மகன் வயதில் ஒரு லெப்டினென்டும் எதிர்ப்படலாம். வணக்கம் வைப்பவர் பெரியவர். சாகிபு என்று மரியாதையாக அழைப்பவர் இளையவர். திருவிதாங்கூரின் பழைய நாயர் பட்டாளமும் சுதந்திரத்துக்குப் பிறகு மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து இதே வரிசைக்குள் வந்துவிட்டது.

கான்சாகிபின் சண்டை நாட்டுப் பாடலாயிற்று. கிராமங்களில் அதைப் பாடினார்கள். மதுரையில் கான்சாமேட்டுத் தெரு அவர் பெயரைச் சொல்கிறது. வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரம் இருக்கிறது. 1914-இல் எஸ்.சி. ஹில் என்ற ஆங்கிலேயர் அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்து தனிப் புத்தகம் எழுதினார். 1997-இல் நடிகர் கமலஹாசன் மருதநாயகம் என்ற பெயரில் படம் தொடங்கினார். சென்னையில் நடந்த தொடக்க விழாவுக்கு இங்கிலாந்து ராணி எலிசபெத்தே நேரில் வந்திருந்தார். படம் முடியவில்லை.

சம்மட்டிபுரத்துப் பள்ளிவாசல் எழும்பியது 1808-இல். தூக்குக்கு நாற்பத்து நான்கு ஆண்டு கழித்து, ஷேக் இமாம் என்பவர் கட்டினார். வெள்ளிக்கிழமைகளில் ஜனங்கள் வந்து ஓதிவிட்டுப் போகிறார்கள். மதத்தைப் பார்க்காமல் வருகிறவர்களும் உண்டு.